இருபது நிமிஷம் யாரும் குழாயைத் திறக்காதீங்க

மீட்டரம்மாவுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லி விசாரித்தால் அந்தக் கட்டடத்தில் ஒருத்தருக்கும் ஆளைத் தெரியாது. "மீட்டரம்மா வீடு எது?" என்று கேளுங்கள். வாசலில் சைக்கிள் துடைக்கிற காவலாளி முதல் ஆறாவது மாடிப் பல் டாக்டர் வரை, "முதல் மாடி, வலது பக்கம், உள்ளே சத்தமா இருக்குமே அந்த வீடு" என்பார்கள். சத்தம் என்றால் சண்டை இல்லை. அவள் பேசுவதே அப்படி. பதினொரு வருஷம் மோட்டார் ஓடுகிற அறைகளில் நின்று பேசிப் பழகிய தொண்டை, வீட்டுக்கு வந்ததும் தணிந்துவிடுமா என்ன?

அவள் வேலை, கட்டடங்களில் தண்ணீர் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பது. முன்பு குழாய் சாமான் கடையில் கல்லாவுக்குப் பக்கத்து மேஜையருகே நின்று விற்றவள்தான். வாங்க வருகிறவர் அரை அங்குல எல்போ வளைவு கேட்டால் சும்மா எடுத்துக் கொடுக்க மாட்டாள். "எதுக்கு? எந்தக் குழாய்க்கு? அந்தப் பக்கம் என்ன மாட்டியிருக்கு?" என்று குடைந்து, கடைசியில் அவர் கேட்டது தப்பு என்று நிரூபித்து, சரியானதைக் கொடுத்து அனுப்புவாள். முதலாளிக்குத் தலைவலி. ஒரு நாள் ஓர் எஞ்சினியர் வந்து இதே மாதிரி வசமாக மாட்டிக்கொண்டு, சிரித்துவிட்டு, "என்கூட வேலைக்கு வர்றீங்களா?" என்று கேட்டார். அவர் கம்பெனியில் மொத்தம் மூன்றே பேர். எஞ்சினியர், குழாய்க்காரர், இவள்.

அந்தக் கம்பெனி பொருத்துவது கையடக்கமான ஒரு சாதனம். ஒவ்வொரு வீட்டுக்கும் தண்ணீர் நுழைகிற குழாயில் அதை மாட்டிவிடுவார்கள். எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று போனில் எண்ணாக வந்து விழும். குளித்தால் ஓடும், நிற்கும். துவைத்தால் ஓடும், நிற்கும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் எங்கேயோ ஓட்டை என்று அர்த்தம், போன் கூவிவிடும். விஷயம் அவ்வளவுதான். இவள் குடியிருக்கிற கட்டடத்திலும் எல்லா வீட்டுக்கும் மாட்டியாயிற்று. அதன் பெயர் சென்சார் என்று எஞ்சினியர் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். இவள் மீட்டர் என்றாள், ஊரும் மீட்டர் என்றது, எஞ்சினியரும் இப்போது மீட்டர் என்றுதான் சொல்கிறார்.

"முதல்ல நம்பர், அப்புறம்தான் சுத்தியல்." இதைச் சொல்லாமல் அவள் எந்தக் கட்டடத்துக்குள்ளும் காலை வைத்ததில்லை. ஒரு மாணவர் விடுதியில் நாலு பேர் சேர்ந்து தரையை உடைக்கத் தயாராக நின்றார்கள். இவள் போய், போனைப் பார்த்து, நேராக மூன்றாம் மாடிக் கழிப்பறைக்கு ஏறி, ஃபிளஷ் தொட்டியின் மூடியைத் தூக்கி, உள்ளே மிதவையில் சிக்கியிருந்த பல் துலக்கும் பிரஷ்ஷை இரண்டு விரலால் எடுத்து நீட்டினாள். "யாரோடது? வேணுமா?" அந்தக் கதையை அவள் சொல்லும்போது கேட்க வேண்டும், வயிறு வலிக்கும். அவள் கட்டிய சேலையின் முனை எப்போதும் கொஞ்சம் நனைந்தே இருக்கும், அதைப் பற்றி அவளுக்குக் கவலையே கிடையாது.

இப்படிப்பட்டவளுக்குத்தான் சொந்த அக்காவோடு எட்டு மாசமாகப் பேச்சு இல்லை. காரணம் என்ன என்கிறீர்கள்? ஒழுகுகிற தண்ணீர்.

அக்கா குடியிருப்பது கீழ்த்தளத்தில், இவள் வீட்டுக்கு நேர் கீழே. அக்காவும் தங்கையும் மேலும் கீழுமாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, பதினாலு வருஷத்துக்கு முன்னால் சேர்ந்து போய் வாங்கிய வீடுகள். அக்கா பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள். கணவர் போய் ஆறு வருஷம் ஆகிறது, மகன் வேறு ஊரில் வேலையில் இருக்கிறான். அவளுக்கு இருப்பது ஒரு தையல் மெஷின், ஓர் அலமாரி நிறையத் துணி, மாடியில் தங்கை குடும்பம். தங்கை வீட்டுக் குளியலறைக்கு நேர் கீழேதான் அந்தத் தையல் அறை. ஒரு நாள் அதன் சுவரில் உள்ளங்கை அளவு ஈரம் தெரிந்தது. அடுத்த வாரம் தட்டு அளவு. அதற்கடுத்து அலமாரியின் பின்பக்கம் பூசணம் பிடித்து, வெள்ளைச் சட்டைத் துணி ஒரு கட்டு முழுக்கப் பழுப்புக் கறை.

அக்கா முதலில் நல்லபடியாகத்தான் வந்து கேட்டாள். "உன் பாத்ரூமைக் கொஞ்சம் பாரேன்டி."

மீட்டரம்மா போனை எடுத்துக் காட்டினாள். "இதோ பாரு, பூஜ்யம். என் வீட்டுல ஒழுகவே இல்லை. உன் பக்கம்தான் ஏதாவது இருக்கும்."

"மேல இருந்துதானடி தண்ணி வரும்? கீழ இருந்தா ஏறும்?"

"அக்கா, உனக்கு மெஷின் ஓட்டத்தான் தெரியும். தெரியாத விஷயத்துல தலையிடாதே."

சொல்லி முடித்த கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் விழுந்த வார்த்தை விழுந்ததுதான். மாடிப்படி இறங்கிப் போன அக்கா, அதற்கப்புறம் ஏறவே இல்லை. வழியில் எதிர்ப்பட்டால் காவலாளியைப் பார்த்து, "இந்தப் பக்கம் காற்றே வர்றதில்லையே" என்பாள். இவளும் வீம்புக்காரி. மன்னிப்புக் கேட்க நாலு தடவை கீழே இறங்கி, நாலு தடவையும் பாதிப் படியில் திரும்பிவிட்டாள். எனக்குக் கோபம் கோபமாக வரும். பேசினால் அரை நிமிஷத்தில் தீருகிற விஷயத்தை எட்டு மாசம் கட்டி இழுத்தால் யாருக்குத்தான் வராது?

அந்த எட்டாவது மாசத்தில்தான் அக்கா வீட்டு ஜன்னல் கம்பியில் ஒரு பலகை தொங்கியது. "வீடு விற்பனைக்கு." மீட்டரம்மா வேலைக்குக் கிளம்பி வரும்போது பார்த்தாள். பையைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். மகன் இருக்கிற ஊருக்கே போய்விடப் போகிறாளாம், கட்டடச் சங்கச் செயலாளர் சொன்னார். வீட்டைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆட்கள் வருகிறார்களாம். அன்றைக்கு மீட்டரம்மா வேலை செய்த இடத்தில் ஒரு வார்த்தை சத்தமாகப் பேசவில்லை. குழாய்க்காரர் பயந்துபோய், "உடம்புக்கு முடியலையா?" என்று மூன்று தடவை கேட்டார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் கொட்டித் தீர்த்தாள். அவர் பஸ் டிரைவர், நிதானமான மனுஷன். "ஒழுகறது உன் வீட்டுல இல்லைன்னு நிரூபிச்சிட்டா போதுமா?" என்று கேட்டார்.

"போதுங்க. எங்கே ஒழுகுதுன்னு கண்டுபிடிச்சு, சுவரைக் காயவச்சுக் கொடுத்துட்டா அவ ஏன் போறா?"

"உன் மீட்டரை அவங்க நம்ப மாட்டாங்களே. நீ மாட்டினது, நீ பார்க்கறது."

அதுவும் நியாயம்தான். அதனால் எல்லோர் முன்னாலும் ஒரு சோதனை வைப்பது என்று முடிவானது. மொட்டை மாடித் தொட்டியிலிருந்து கட்டடம் முழுமைக்கும் இறங்குகிற பெரிய குழாயில், வெளியிலிருந்தே இறுக்கிக் கட்டுகிற மீட்டர் ஒன்றை மாட்டுவது. இருபத்தெட்டு வீட்டிலும் குழாய்களை மூடிவிட்டால் அதில் பூஜ்யம் வர வேண்டும். வராவிட்டால் அதுதான் கசிவு. செயலாளரும் சம்மதித்தார். சோதனை வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு என்று வீடு வீடாகச் சொல்லியாயிற்று. "இருபது நிமிஷம் யாரும் குழாயைத் திறக்காதீங்க!"

என்ன நடந்தது தெரியுமா? பதினோரு மணி அடித்ததும் எண் பூஜ்யத்துக்கு இறங்கவில்லை, ஜிவ்வென்று ஏறியது. தண்ணீர் வராது என்று நினைத்து முதலில் எல்லோரும் வாளி, அண்டா, பாட்டில் என்று கையில் கிடைத்ததையெல்லாம் நிரப்பினார்கள். நிரப்பி முடித்தவர்கள், தண்ணீர் நின்றுவிட்டதா என்று பார்க்கக் குழாயைத் திறந்தார்கள். வந்தது. "இன்னும் வருதே!" என்று பக்கத்து வீட்டுக்குச் சொல்ல, அவர்களும் திறந்து பார்த்தார்கள். பல் டாக்டர் மனைவி அவளுக்குப் போன் போட்டு, "மீட்டரம்மா, எங்க வீட்டுல மட்டும் தண்ணி நிக்கவே மாட்டேங்குது, உடனே வாங்க" என்றார். மீட்டரம்மா மொட்டை மாடியில் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நிறுத்துகிறோம் என்று யார் சொன்னது? திறக்காதீங்க என்றுதானே சொன்னது! கோபப்பட்டாள், கொஞ்ச நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்தாள்.

சாயங்காலம் கதையைக் கேட்டு டிரைவரும் சிரித்தார். பிறகு சொன்னார். "பஸ்ஸுக்குள்ள ஆளை வச்சுக்கிட்டு யாரும் அசையாதீங்கன்னு சொன்னா நடக்குமா? எல்லாரையும் கீழ இறக்கிடணும்."

"எப்படிங்க இறக்கறது? தீப்பிடிச்சிருச்சுன்னு கத்தவா?"

"போட்டோ எடுக்கறோம்னு சொல்லு. கட்டடம் கட்டிப் பதினஞ்சு வருஷம் ஆகப்போகுதுல்ல? போட்டோன்னா எவன் வீட்டுல உட்காருவான்?"

மீட்டரம்மா எழுந்து நின்று புருஷனுக்கு ஒரு கும்பிடு போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மொத்தக் கட்டடமும் வாசலில் நின்றது. அடேயப்பா, என்ன அலங்காரம்! மூன்று வருஷமாக வீட்டை விட்டு இறங்காத கணக்கு வாத்தியார்கூட கோட்டுப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். மீட்டரம்மாவின் மூத்த மகள் முக்காலியில் கேமராவைப் பொருத்தியிருந்தாள். இருபது நிமிஷம் இழுக்க வேண்டும், வேறு எதுவும் கேட்காதே என்று அம்மா சொல்லியிருந்ததால், "யாரோ கண்ணை மூடிட்டீங்க, இன்னொரு தடவை!" என்று மறுபடி மறுபடி எடுத்துக்கொண்டிருந்தாள். அக்காவும் வந்தாள். கடைசி வரிசையில் ஓரமாக நின்று, பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள். "போகறதுக்கு முன்னால ஒரு போட்டோவுல இருந்துட்டுப் போறேனே." மீட்டரம்மா காதில் அது விழுந்தது.

போனில் எண் இறங்கிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நின்றது. மணிக்கு இரண்டு லிட்டர். பூஜ்யம் இல்லை! இருபத்தெட்டு வீட்டு மீட்டரும் பூஜ்யம் காட்டுகின்றன, பெரிய மீட்டர் மட்டும் இரண்டு காட்டுகிறது. அப்படியானால் பொதுக் குழாயில்தான் கசிவு! அக்காவும் தப்பில்லை, நானும் தப்பில்லை! மீட்டரம்மாவுக்கு அங்கேயே ஒரு குதி குதிக்கலாம் போல இருந்தது. இருந்தாலும் தொழில் தொழில்தானே. உறுதி செய்துகொள்ள, குழாய்க்காரரை மாடிப்படிக்கு அனுப்பியிருந்தாள். அவர் ஆறாவது மாடியிலிருந்து ஒவ்வொரு வீட்டு வால்வாக மூடிக்கொண்டே இறங்க வேண்டும், இவள் எண்ணைப் பார்த்துப் போனில் சொல்ல வேண்டும்.

"ஆறாவது மாடி நாலும் மூடியாச்சு."

"ரெண்டுதான். இறங்குங்க."

"அஞ்சு மூடியாச்சு."

"ரெண்டு."

நாலு, மூன்று, இரண்டு எல்லாம் மூடியாயிற்று. எண் அசையவில்லை. மகள் பதிமூன்றாவது தடவையாக, "கண்ணை மூடாதீங்க!" என்றாள்.

"முதல் மாடியில மத்த மூணும் மூடியாச்சு."

"ரெண்டு. சரி, போதும், என் வீடு வேணாம், அது பூஜ்யம்தான். நீங்க கீழ வந்துடுங்க."

"அதையும் மூடிட்டேனே இப்ப?"

மீட்டரம்மா போனைப் பார்த்தாள். பூஜ்யம்.

போனைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். "திறங்க" என்றாள். இரண்டு. "மூடுங்க." பூஜ்யம். தன் வீட்டு மீட்டரின் உள் அமைப்பைத் திறந்து பார்த்தாள். ஒவ்வொரு மீட்டருக்கும் ஓர் அளவு சொல்லி வைக்கலாம். அதற்குக் கீழே ஓடினால் கண்டுகொள்ளாதே, பூஜ்யம் என்று காட்டு என்று. மற்ற எல்லா வீட்டிலும் அந்த அளவு அடிமட்டத்தில் இருந்தது. அவள் வீட்டில் மட்டும் மணிக்கு ஐந்து லிட்டர். யார் மாற்றினது? வேறு யார்? பதினொரு மாசத்துக்கு முன்னால், ஒரு பெரிய கட்டடத்தில் வேலையாக இருந்தபோது இவள் போன் விடாமல் கூவியது. உன் வீட்டில் சின்னதாக எதுவோ ஓடிக்கொண்டே இருக்கிறது என்று. ஃபிளஷ் தொட்டியாக இருக்கும், ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கலாம் என்று நினைத்து, அளவைத் தூக்கி வைத்து அதன் வாயை அடைத்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை எதற்கோ போய்விட்டது. விஷயமே அவளுக்கு மறந்துவிட்டது. தண்ணீரில் பெரும்பகுதி குழாய்கள் இறங்குகிற சந்து வழியாக மண்ணுக்குள் இறங்கிவிட, மிச்சம் மெள்ள மெள்ள அக்கா சுவரில் ஊறிக்கொண்டிருந்தது.

குழாய்க்காரர் மூச்சு வாங்க இறங்கி வந்தார். போனை எட்டிப் பார்த்தார், புரிந்துவிட்டது. காதோடு சொன்னார். "பொதுக் குழாய்னு சொல்லிடும்மா. நாளைக்கே சத்தமில்லாம உன் பாத்ரூமைச் சரி பண்ணிடறேன். யாருக்குத் தெரியப்போகுது?"

நல்ல மனுஷன், நல்லதுக்குத்தான் சொன்னார். சொல்லியும் இருக்கலாம். பதினொரு வருஷப் பெயர், கூடி நிற்கும் ஜனம், கோட்டுப் போட்ட கணக்கு வாத்தியார். அவள் யோசிக்கவே இல்லை என்று எழுத எனக்கும் ஆசைதான், ஆனால் ஒரு நிமிஷம் யோசித்தாள். செயலாளர் முன்னால் வந்து, "என்ன மீட்டரம்மா, போன்லயே இருக்கீங்க? போட்டோ முடிஞ்சுதா?" என்றார்.

அவள் கடைசி வரிசையைப் பார்த்தாள். அக்கா புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டு கேமராவையே பார்த்து நின்றாள். தனியாக, ஓரத்தில், தன் கையால் தைத்த ஜாக்கெட்டோடு.

"என் வீடு!" என்று கத்தினாள் மீட்டரம்மா. மோட்டார் அறைத் தொண்டை, கட்டடம் முழுக்க எதிரொலித்தது. "என் வீட்டுலதான்க்கா ஒழுகுது! மீட்டர் வாயை நானே அடைச்சு வச்சிருக்கேன், மறந்துட்டேன். நீ சொன்னதுதான் சரி. எட்டு மாசமா உன் சுவரை நான்தான் நனைச்சிருக்கேன். தெரியாத விஷயத்துல தலையிடாதேன்னு உன்னைச் சொன்னேன் பாரு, எனக்குத்தான் தெரியலை!"

அக்கா வரிசையை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். வந்தவள் நின்று ஒரு மூச்சு விட்டாள்.

"எட்டு மாசம்டி!" என்று ஆரம்பித்தாள். "எட்டு மாசம்! ஒரு கட்டுத் துணி போச்சு! அலமாரி போச்சு! பெரிய மீட்டர்காரி, ஊர்ல உள்ளவன் பாத்ரூமையெல்லாம் எட்டிப் பார்க்கிறவ, உன் பாத்ரூம்ல என்ன நடக்குதுன்னு தெரியலை! மெஷின் ஓட்டத்தான் தெரியுமாம் எனக்கு! அந்த மெஷின் ஓட்டித்தானேடி உன்னைப் படிக்க வச்சேன்? பெரிய மனுஷி ஆயிட்ட, படியிறங்கி வந்து அக்கான்னு ஒரு வார்த்தை கூப்பிட முடியலை உனக்கு..."

மூச்சு விடாமல் திட்டினாள். மீட்டரம்மா தலையைக் குனிந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது, ஆனால் முகமெல்லாம் சிரிப்பு. எட்டு மாசம் கழித்து அக்கா அவளைப் பார்த்துப் பேசுகிறாள்! திட்டட்டும், நாள் முழுக்கத் திட்டட்டும்! "நாலு தடவை பாதிப் படி வரைக்கும் வந்தேன்க்கா" என்றாள் விக்கலோடு. "நான் அஞ்சு தடவை" என்று அக்காவும் அழுதுவிட்டாள். பிறகு யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை, கட்டடமே சிரித்தது. மகள் சும்மா இருக்காமல் அதையும் எடுத்து வைத்திருந்தாள். பதினைந்தாம் வருஷப் போட்டோ என்று இன்றைக்கும் வாசலில் மாட்டியிருப்பது அதுதான். எல்லோரும் சிரிக்கிறார்கள், நடுவில் ஒருத்தி விரலை நீட்டித் திட்டுகிறாள்.

அன்று சாயங்காலம் வீடு பார்க்க வந்தவர்களுக்கு அக்கா டீ கொடுத்து, சுவரைக் காட்டி, "ஒழுகற வீடு, எதுக்கு உங்களுக்கு?" என்று அனுப்பி வைத்தாள். பலகையைக் கழற்றித் தந்தது டிரைவர்.

மறுநாள் குளியலறையை உடைத்தார்கள். நம்பர் வந்துவிட்டது, இனி சுத்தியலுக்குத் தடையில்லை. தரைக்குள்ளே ஓடிய குழாயின் மூட்டில் ஒரு முடி அளவு விரிசல். சரிசெய்து, பூசி, ஓடு பதித்து முடிக்கப் பதினைந்து நாள் ஆகும் என்றார் ஓடு பதிப்பவர். "அதுவரைக்கும் எங்க குளிப்பீங்க?" என்று கேட்ட அக்கா, பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "கீழதான்."

அப்படித்தான் தினமும் காலை ஆறு மணிக்குத் தங்கை குடும்பம் துண்டும் சோப்புமாகப் படி இறங்கியது. இளைய மகள் தையல் மெஷின்மேல் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டே முறைக்குக் காத்திருப்பாள். டிரைவர் உள்ளே போனால் பாட்டுப் பாடுவார், அக்கா வெளியிலிருந்து, "தண்ணியா, பாட்டா, ஏதாவது ஒண்ணை நிறுத்துங்க தம்பி" என்பாள். ஐந்து பேருக்கு டீ போட்டாள். ஈரக் காலோடு துணியை மிதிக்காதீங்க என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கத்தினாள். சுவர் வெள்ளையாகக் காய்ந்துகொண்டு வந்தது.

பதினாறாம் நாள் ஓடு பதிப்பவர் கையைக் கழுவிக்கொண்டு, "முடிஞ்சுதும்மா. இன்னைக்கே குளிக்கலாம்" என்றார். அக்காவும் ஏறி வந்து பார்த்தாள். குனிந்து, இரண்டு ஓட்டுக்கு நடுவிலிருந்த பூச்சைக் கட்டைவிரலால் அழுத்தினாள்.

"இன்னும் ஈரமா இருக்கற மாதிரி இல்லை?"

"மூணு நாளா காஞ்சு கெடக்குதும்மா."

"நீ சும்மா இருப்பா." அக்கா நிமிரவில்லை, அழுத்திய விரலையும் எடுக்கவில்லை. "நீ சொல்லுடி. உனக்குத்தானே தெரியும்."

மீட்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்து தொட்டுப் பார்த்தாள். கல் மாதிரிக் காய்ந்திருந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

"ஈரம்தான்க்கா" என்றாள். "இன்னும் ஒரு மாசமாவது ஆகும்."

"அதானே பார்த்தேன்" என்று அக்கா எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "அப்ப நாளைக்கும் ஆறு மணிக்கு வந்துடுங்க. உன் புருஷனை மட்டும் கடைசியா அனுப்பு."